ஏணியில் ஏறாத செய்தி



பணியிடத்தில் தகவல் பரிமாற்றத்துக்கு உள்ள தடைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மேலாண்மைப் பாடநூல்களில் இதற்கென்று ஒரு பட்டியல் உண்டு. மொழித் தடை, ஓசைத் தடை, மனத்தடை, பண்பாட்டுத் தடை என்று வரிசையாக வரும். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஆலைகளில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு குறை தெரியும். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், பேசினால் அவருக்கு என்ன ஆகும் என்பதை அது கேட்பதே இல்லை. வேலை செய்யும் இடத்தில் விஷயம் தெரிந்தவர் பெரும்பாலும் கீழே இருக்கிறார், முடிவெடுப்பவர் மேலே இருக்கிறார். இருவருக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு படியிலும் செய்தி கொஞ்சம் மென்மையாகிறது. மேலே போய்ச் சேரும்போது அது நல்ல செய்தியாகவே மாறியிருக்கும். இன்று எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

கல்பனா சாவ்லாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கர்னாலில் பிறந்த பெண் விண்வெளிக்குப் போனதை நம்மூர்ப் பள்ளிக்கூடங்கள் தங்கள் வீட்டுப் பெண் போனதாகவே கொண்டாடின. அவர் இறந்த நாள் பலருக்கு நினைவிருக்கும்: 2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கும்போது டெக்சாஸ் வானில் சிதறியது. ஏழு பேர் போனார்கள். இறக்கையில் ஓட்டை விழுந்திருந்தது என்று பிறகு செய்தித்தாள்களில் படித்தோம். அந்த இறக்கை அடிபட்டது, விண்ணோடம் பறந்துகொண்டிருந்த பதினாறு நாளும் தரையில் சிலரின் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது என்பதை நம்மில் அதிகம் பேர் படிக்கவில்லை.

ஜனவரி 16 அன்று புறப்பட்ட 82-ஆவது நொடியில், வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ எடையுள்ள நுரைக்காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. நுரை என்றதும் இலேசாக நினைக்க வேண்டாம்; மோதிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர். மறுநாள் படச்சுருளைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு மோதியது தெரிந்தது. எந்த இடத்தில், எவ்வளவு சேதம் என்பது தெரியவில்லை. ஆராய ஒரு பொறியாளர் குழு அமைந்தது. அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செயற்கைக்கோள்களோ தொலைநோக்கிகளோ கொண்டு அந்த இறக்கையை ஒரு படம் எடுத்துத் தர வேண்டும்.

படம் கேட்டு மூன்று கோரிக்கைகள் வெவ்வேறு வழிகளில் கிளம்பின. மூன்றில் ஒன்றும் முறையான வழியில் போகவில்லை. திட்ட நிர்வாகக் குழுவின் தலைவர், படம் யாருக்குத் தேவை, அது கட்டாயத் தேவையா என்று விசாரித்தார். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல யாரும் அகப்படவில்லை. ஜனவரி 22 அன்று கோரிக்கை ரத்தானது. பொறியாளர்களின் நிலையைப் பாருங்கள். சேதம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான் படம் கிடைக்கும். படம் கிடைத்தால்தான் சேதத்தை நிரூபிக்க முடியும். பாதுகாப்பாக இருக்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பாக இருக்க, ஆபத்து இருக்கிறது என்று மெய்ப்பிக்கும் சுமை கீழே இருப்பவர் தலையில் விழுந்தது.

அந்தப் பொறியாளர் குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் ராட்னி ரோச்சா, நாசாவின் பொறியாளர். ரத்து செய்தி கேட்ட அன்று அவர் ஒரு மின்னஞ்சல் எழுதினார். இந்த முடிவு தவறானது, பொறுப்பின்மையின் எல்லையைத் தொடுவது என்று கடுமையாகவே எழுதினார். எழுதியதை அச்செடுத்து உடன் வேலை பார்த்த ஒருவரிடம் காட்டினார். அனுப்பவில்லை. பின்னர் காரணம் கேட்டபோது, தங்கள் படியை விட மிக மேலே உள்ளவர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டாம் என்று பொறியாளர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்றார்.

எழுதத் தெரியாதவரா அவர்? மொழி தெரியாதவரா? கூச்ச சுபாவமா? பாடநூல் பட்டியலில் உள்ள எந்தத் தடையும் அவருக்கு இல்லை. சொல்ல வேண்டியதைத் தெளிவாக, ஆணித்தரமாக எழுதி வைத்திருந்தார். ஏணியில் இரண்டு படி தாண்ட வேண்டியிருந்தது, அதுதான் நடக்கவில்லை.

இந்த விவகாரத்தில் இன்னொரு காகிதம் உண்டு. சேதத்தைக் கணக்கிட்ட போயிங் பொறியாளர்கள் பவர்பாயின்ட் பக்கங்களாக அறிக்கை கொடுத்தார்கள். அதில் ஒரு பக்கம் பின்னாளில் புகழ் பெற்றது. தகவல் வடிவமைப்பை ஆராயும் எட்வர்ட் டஃப்டி அதை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார், விபத்து விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. பக்கத்தின் தலைப்பு, சோதனைத் தரவுகளின்படி நம் கணக்கு பாதுகாப்பின் பக்கமே சாய்ந்திருக்கிறது என்ற பொருளில் ஆறுதலாகத் தொடங்குகிறது. கீழே புள்ளி, அதற்குள் கோடு, அதற்குள் இன்னொரு புள்ளி என்று எழுத்து சிறுத்துக்கொண்டே இறங்குகிறது. அடி மட்டத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி: துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். வகுத்துப் பாருங்கள், 640 மடங்கு. நாம் சோதித்த எதற்கும் இந்த மோதலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் அந்தப் பக்கம் சொல்ல வேண்டிய செய்தி. அது தலைப்பில் இருந்திருக்க வேண்டும்.

ஏன் அப்படி எழுதினார்கள்? மேலே எந்தப் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பொய் சொல்ல மனம் வரவில்லை. உண்மையை முன்னால் வைக்கத் துணிவு வரவில்லை. உண்மையைச் சொல்லியும் ஆகிவிட்டது, யார் மனத்தையும் புண்படுத்தாமலும் ஆகிவிட்டது. நம் அலுவலகங்களில் கோப்புக் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கலையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 24 காலை பொறியாளர் குழு தன் முடிவை விளக்கியபோது அறை நிரம்பி, பொறியாளர்கள் வெளியே நடைபாதையிலும் நின்றார்கள். அத்தனை பேருக்கு அதில் கவலை இருந்தது. அங்கிருந்து நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன சில வாக்கியங்கள் மட்டுமே. கணக்கில் இருந்த சந்தேகங்கள் நடைபாதையோடு நின்றுவிட்டன. முந்தின நாளே விண்ணோடத்தின் தளபதிக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது: தரையிறங்குவதில் கவலைக்கு இடமே இல்லை, பத்திரிகைக்காரர்கள் கேட்டால் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறோம் என்ற பாணியில். படம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார்களா? வேறொரு விண்ணோடத்தை அவசரமாக அனுப்பி மீட்பது மிகக் கடினம், ஆனால் முடியாததல்ல என்று பின்னால் ஆராய்ந்து சொன்னார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

நிர்வாகக் குழுவின் தலைவரை வில்லியாக்குவது எளிது, அன்று பத்திரிகைகள் அதைச் செய்தன. அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவை யாரும் எழுந்து மறுத்துச் சொல்ல முடியாத விதத்தில் கேட்கப்பட்டன. பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கேட்பவர் முன்னால் யார் வாய் திறப்பார்?

இப்போது நம்மூருக்கு வருவோம். எந்த அலுவலகத்திலும் பெரிய அதிகாரியின் அறைக்குள் நுழையும் முன் வெளியே இருக்கும் உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "சார் மூட் எப்படி இருக்கு?" அவர் உதட்டைப் பிதுக்கினால் கெட்ட செய்தி அன்று உள்ளே போகாது. "இப்ப வேணாம்ங்க, சாப்பிட்டு வரட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்." சாப்பிட்டு வந்தால் மீட்டிங். மீட்டிங் முடிந்தால் சார் கிளம்பிவிடுவார். பழுதான தாங்கியோ, காலாவதியான உரிமமோ, குறைந்துபோன இருப்போ சாரின் மனநிலைக்காகக் காத்திருப்பதில்லை. இதில் வேடிக்கை, சாருக்கு இப்படி ஒரு வானிலை அறிக்கை தினமும் வெளியாவதே தெரியாது. "என் கதவு எப்பவும் திறந்தே இருக்கு, யாரும் வந்து சொல்றதில்லையே" என்று உண்மையாகவே ஆதங்கப்படுவார்.

இன்னொரு கேள்வி: "புரிஞ்சுதா?" பணியிடத்தில் இதைவிடப் பயனற்ற கேள்வி இல்லை என்பது என் கருத்து. இதற்கு "புரியல சார்" என்று பதில் சொன்னவரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளிடம் நம் மேற்பார்வையாளர்கள் பாதி இந்தி, பாதி சைகையில் வேலை சொல்கிறார்கள். கடைசியில் "சமஜ் கயா?" என்றால் தலை ஆடும். அந்தத் தலையாட்டலுக்குப் பொருள், "நீங்கள் கோபிக்காமல் போனால் போதும்" என்பது. இதை மொழித் தடை என்று சொல்லிவிடலாம். ஆனால் நல்ல தமிழில் நல்ல தமிழனிடம் சொன்னாலும் அதே தலைதான் ஆடுகிறது. நல்ல போர்மேன் அப்படிக் கேட்க மாட்டார். "இப்ப போய் முதல்ல என்ன பண்ணப் போறே, சொல்லு பாப்போம்" என்பார். ஆள் திருப்பிச் சொல்லும்போது ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். விமானிகள் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவைத் திருப்பிச் சொல்வது கட்டாயம் என்பதும் இதே காரணத்தால்தான்.

விமானம் என்றதும் டெனரீப் நினைவுக்கு வருகிறது. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் மூடுபனி. புறப்பட்ட டச்சு விமானமும் அதே ஓடுபாதையில் இருந்த அமெரிக்க விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள். வானொலியில் குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன, அனுமதி பற்றிக் குழப்பம், எல்லாம் உண்மை. ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு, டச்சு விமானத்தின் பொறியாளர், அந்த விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விமானி, விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். அந்த விமானி சாதாரணமானவர் அல்லர். நிறுவனத்தின் தலைமைப் பயிற்சியாளர், விளம்பரங்களில் முகம் வந்தவர். பொறியாளர் மேலே பேசவில்லை. தெரிந்ததைச் சந்தேகமாகவும், சந்தேகத்தைக் கேள்வியாகவும் மாற்றி, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடிப்பது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமல்ல.

செய்தி மேலே போகும்போது மட்டும்தான் தொலைகிறதா என்றால், பக்கவாட்டிலும் தொலைகிறது. 1988 ஜூலை 6 இரவு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் மாண்டார்கள். எரிவாயுத் திரவத்தை அழுத்தி அனுப்ப அங்கே இரண்டு பம்புகள். ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்ட்டில் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் திரும்பப் பொருத்த முடியவில்லை, குழாயின் வாயில் தட்டையான ஓர் இரும்பு மூடியை வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஏறத்தாழ 9.45-க்கு மற்ற பம்ப் நின்றது. இரவு ஷிப்ட்காரர்களின் கையில் அந்த முதல் பம்புக்கான வேறொரு பணி அனுமதிச் சீட்டு இருந்தது. அந்த வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்பதால் பம்பை ஓட்டலாம் என்று நினைத்தார்கள். வால்வு இல்லை என்று சொல்லும் சீட்டு வேறிடத்தில் இருந்தது. ஷிப்ட் மாறும்போது வாய்வார்த்தையாகவும் யாரும் சொல்லவில்லை. பம்பை ஓட்டினார்கள். பத்து மணிக்கு முதல் வெடிப்பு. பக்கத்து மேடைகள் இரண்டும் தீயைக் கண்டும், கரையிலிருந்து உத்தரவு இல்லாமல் நிறுத்தத் தயங்கி, பைப்பரோடு இணைந்த குழாயில் எண்ணெயைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தன. மறுபடியும் ஏணி.

இந்தக் கதையை நம் ஆலைகளில் சொன்னால் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது. ஷிப்ட் மாறும் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ் வாசலில் இன்ஜினை ஓடவிட்டு நிற்கும். தவறவிட்டால் பைபாஸ் வரை நடக்க வேண்டும். போகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே, வருகிறவரிடம் "மூணாம் நம்பர்ல லேசா சத்தம், பாத்துக்கோ" என்று குழாய்த் தண்ணீரின் இரைச்சலுக்கு நடுவே சொல்வார். லாக் புக்கில் "எல்லாம் நார்மல்" என்று இருக்கும். பல நேரம் அதையும் ஷிப்ட் முடிவதற்கு அரை மணி முன்பே எழுதி வைத்திருப்பார்கள். இதற்குக் கருத்தரங்கு நடத்திப் பயன் இல்லை. பஸ் கால் மணி தாமதமாகக் கிளம்ப வேண்டும், அந்தக் கால் மணிக்குச் சம்பளம் தர வேண்டும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். செலவு அதிகம் என்றார்கள். பிறகு தகவல் தொடர்புத் திறன் வளர்க்க ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள், மதியச் சாப்பாட்டோடு.

அந்த லாக் புக்கில் ஒப்பந்தத் தொழிலாளி எழுத முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவர் அவர். சத்தம் மாறுவது முதலில் அவர் காதில்தான் விழும். ஆனால் அவர் ஒப்பந்ததாரரின் ஆள். குறை சொன்னால் நாளை வேறு ஆள் வருவார். நம் நாட்டில் இந்த ஏணி பதவியால் மட்டும் செய்யப்பட்டதல்ல. சாதியும், பெண் என்பதும், எந்த ஊர்க்காரர் என்பதும் அதில் படிகளாக இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு இருக்கும் என்று மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர், அதில் இறங்கச் சொல்லப்படும் தொழிலாளிதான். அவருக்குத் தெரிந்தது தகவலாகவே எண்ணப்படுவதில்லை.

என்ன செய்யலாம்? கீழே உள்ளவர்களுக்குத் தைரியமாகப் பேசப் பயிற்சி கொடுப்பது என்பதுதான் வழக்கமான பதில். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பேசினால் இழப்பு என்று அவர்கள் போட்டிருக்கும் கணக்கு பெரும்பாலும் சரியான கணக்கு. மாற வேண்டியது அந்தக் கணக்கு. டொயோட்டா ஆலைகளில் அசெம்பிளி வரிசை ஓரமாக ஒரு கயிறு தொங்கியது, ஆண்டன் கயிறு என்பார்கள். குறை கண்ட தொழிலாளி இழுத்தால் விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடி வருவார், உடனே தீரவில்லை என்றால் வரிசை நிற்கும். தொழிலாளி யாரிடமும் போய் நின்று, தொண்டையைச் செருமிப் பேச வேண்டியிருக்கவில்லை. இழுத்தவரைத் திட்டுகிற ஆலையில் அதே கயிறு வெறும் கயிறுதான்.

அறுவை அரங்குகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. கத்தி வைக்கும் முன் அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். ஒரு முறை வாயைத் திறந்து பெயர் சொன்ன செவிலியர், பிறகு "டாக்டர், பஞ்சு எண்ணிக்கை சரியா வரல" என்று சொல்வது கொஞ்சம் எளிதாகிறது. தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் அதே பட்டியலைக் கொண்டுவந்தபின் ஆராய்ந்தார்கள், குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2014-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. விளக்கங்கள் பலவாறு சொல்லப்படுகின்றன. என் ஊகம், டிக் அடிக்க வேண்டிய இன்னொரு காகிதமாக அது ஆகியிருக்கும். நம்மூரில் ஐ.எஸ்.ஓ. தணிக்கைக்கு முந்தின இரவு நிரப்பப்படும் பதிவேடுகளைப் பார்த்தவன் நான். அந்த ஊகம் எனக்கு எளிதாக வருகிறது.

நாசாவுக்குத் திரும்புகிறேன். கொலம்பியாவுக்குப் பிறகு, 2005 ஜூலையில் விண்ணோடங்கள் மறுபடி பறந்தபோது, நீண்ட கையில் கேமராவைப் பொருத்தி, பறக்கும்போதே இறக்கைகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள். படம் வேண்டும் என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. படம் எடுப்பதே விதி. ஆனால் அந்தப் பயணத்திலும் தொட்டியிலிருந்து நுரை பெயர்ந்தது. அடுத்த பயணத்துக்கு முன், 2006 ஜூனில், பறக்கத் தயாரா என்று முடிவு செய்யும் கூட்டம் நடந்தது. நாசாவின் தலைமைப் பொறியாளரும் அதன் பாதுகாப்புப் பிரிவின் தலைவரும் பறக்கக் கூடாது என்றார்கள். தயார்நிலைச் சான்றிதழிலேயே தங்கள் மறுப்பை எழுதிக் கையெழுத்திட்டார்கள். நாசாவின் தலைவர் மைக்கேல் கிரிஃபின் இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, பறக்கலாம் என்று முடிவெடுத்தார். தொட்டியால் சேதம் வந்தாலும் வீரர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிக் காத்திருக்கலாம் என்பது அவர் கணக்கு. மறுத்த இருவரும் அந்தக் காரணத்தால் மேல்முறையீடு செய்யவில்லை. ஜூலை 4 அன்று டிஸ்கவரி புறப்பட்டுப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. கிரிஃபின் எடுத்த முடிவு சரியா என்று பொறியாளர்கள் இன்றும் விவாதிக்கலாம். விவாதிக்கத் தேவையான எல்லாம், யார் என்ன சொன்னார், யார் அதை ஏற்கவில்லை, ஏன் என்பது உட்பட, பெயரோடும் தேதியோடும் தாளில் இருக்கிறது.